பயிற்சி முகாமில் இருந்த சிப்பாய்க்கு வந்த கடிதங்கள், 1943–44: எப்படி அடுக்குவது, தேதி இல்லாதவற்றை என்ன செய்வது?

மீனா_ஓஹையோ:

வணக்கம். எங்கள் ஊர் வரலாற்றுச் சங்கத்துக்கு ஒரு பெட்டி நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்கத் தரைப்படையில் பயிற்சியில் இருந்த ஓர் உள்ளூர் இளைஞருக்கு, 1943 தொடக்கம் முதல் 1944 கோடை வரை வந்தவை. ஏறக்குறைய 200 இருக்கும். அம்மா எழுதியவைதான் அதிகம். தங்கை, காதலி, பள்ளித் தோழர்கள் எழுதியவையும் உண்டு. அவர் எழுதிய பதில் ஒன்றுகூட இல்லை.

முக்கால்வாசி உறையோடு இருக்கின்றன, மீதி உதிரித்தாள்கள். சிலவற்றின் தலைப்பில் "ஞாயிறு இரவு", "செவ்வாய்" என்பதோடு சரி. முகவரிகளும் மாறிக்கொண்டே போகின்றன. முதலில் டெக்சஸ் கேம்ப் வோல்டர்ஸ், பிறகு மிசிசிப்பியின் கீஸ்லர் ஃபீல்டு, பிறகு ஒரு கல்லூரி. அதன்பின் திடீரென்று கேம்ப் வான் டோர்னில் காலாட்படை! பெயருக்கு முன்னால் ஓரிடத்தில் பிரைவேட் (கடைநிலைச் சிப்பாய்), இன்னோரிடத்தில் ஏ/எஸ் என்று போட்டிருக்கிறார்கள்.

எழுதியவர் வாரியாகப் பிரிப்பதா, தேதி வாரியாகவா? தேதி இல்லாதவற்றை எப்படிக் கண்டுபிடிப்பது? துருப்பிடித்த கிளிப், இறுகிப்போன ரப்பர் பேண்ட் எல்லாம் இருக்கின்றன. ஸ்கேன் செய்யவும் வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கடிதஉறை:

மீனா, முதலில் ஒன்று. உறையிலிருந்து கடிதங்களை எடுத்துத் தனித்தனிக் குவியலாகப் போட ஆரம்பித்திருந்தால் இப்போதே நிறுத்திவிடுங்கள். இந்த மாதிரித் தொகுப்பில் உறையும் கடிதமும் சேர்ந்ததுதான் ஓர் ஆவணம். உள்ளே "செவ்வாய்" என்று மட்டும் இருந்தாலும் உறையில் ஊர், நாள், மணி, ஆண்டு எல்லாம் முத்திரையாக இருக்கும். பிரித்துவிட்டால் திரும்ப ஜோடி சேர்ப்பது பெரும்பாடு.

கட்டுகளாக இருந்தால் அந்தக் கட்டு வரிசையையும் கலைக்காதீர்கள். எந்தக் கட்டில் எத்தனையாவது என்று மெல்லிய பென்சிலால் துண்டுச்சீட்டில் எழுதி உறைக்குள் செருகி வையுங்கள். பெறுநரே காதலியின் கடிதங்களை மட்டும் தனியாகக் கட்டி வைத்திருந்தால் அதுவும் ஒரு செய்திதானே. பெட்டியில் பழைய வரிசை அப்படியே இருக்கட்டும். தேதி வரிசை கணினி அட்டவணையில் இருந்தால் போதும். எழுதியவர் வாரியாகத் தாள்களைப் பிரித்து வைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். ஒரே வாரத்தில் அம்மா ஒன்று சொல்லியிருப்பார், தங்கை வேறொன்று சொல்லியிருப்பார். அந்த ஒப்பீடு கண்ணில் படாமலே போய்விடும்.

இனி உறையைப் படிப்பது. வீட்டார் எழுதியவற்றில் 3 சென்ட் தபால்தலை இருக்கும். அன்றைய சாதாரணக் கட்டணம் அதுதான். சிறகை வி வடிவில் விரித்த கழுகு படம் போட்ட ஊதா நிறத் தலை என்றால் அது 1942 ஜூலை 4-ல் வெளியானது, கடிதம் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. உள்நாட்டு விமான அஞ்சல் 6 சென்ட். 1944 மார்ச் 26 முதல் 8 சென்ட். ஸ்பெஷல் டெலிவரிக்கு 10 சென்ட் கூடுதல்; அது 13 சென்ட் ஆனது 1944 நவம்பரில். எனவே முத்திரை மங்கிப்போன விமான அஞ்சல் உறையிலும் தலைகளைக் கூட்டிப் பார்த்தால் 1944 மார்ச்சுக்கு முன்னா பின்னா என்று சொல்லிவிடலாம்.

அனுப்புநர் முகவரியில் ஊர்ப்பெயருக்கும் மாநிலத்துக்கும் நடுவில் "கிளீவ்லண்ட் 5, ஓஹையோ" என்பதுபோல் ஒரு எண் வந்தால் அது அஞ்சல் மண்டல எண். பெரிய நகரங்களுக்கு 1943 மே மாதத்தில்தான் வந்தது. எண் இருந்தால் அதற்குப் பிந்தியது. எண் இல்லை என்பதை வைத்து எதையும் முடிவுகட்டக் கூடாது, பழக்கத்துக்கு வரப் பலருக்கும் மாதக்கணக்கானது. எழுதியவர் சிற்றூர்க்காரர் என்றால் எண்ணே கிடையாது.

சில உறைகளில் தலைக்குப் பதிலாக வலது மேல்மூலையில் கையால் "ஃப்ரீ" என்று எழுதியிருக்கும். படைவீரர் தாம் அனுப்பும் சாதாரணக் கடிதத்துக்கு 1942 ஏப்ரல் 1 முதல் தலை ஒட்டத் தேவையில்லை. விமான அஞ்சலுக்கும் பார்சலுக்கும் அந்தச் சலுகை கிடையாது.

மீனா_ஓஹையோ:

அண்ணா, மிக்க நன்றி. "ஃப்ரீ" போட்ட உறைகள் பன்னிரண்டு இருக்கின்றன. அப்படியென்றால் அவை இவர் எழுதிய பதில்களாக இருக்குமோ?

கடிதஉறை:

அவசரப்பட வேண்டாம். பெறுநர் இடத்தில் இவர் பெயர் இருந்தால், எழுதியவர் வேறொரு முகாமில் இருந்த தோழர். இடது மேல்மூலையில் அவர் பெயர், பதவி, பிரிவு எல்லாம் இருக்கும். சலுகை பெற அது வேண்டும். இந்தப் பன்னிரண்டையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பயிற்சியில் இருந்த இருவர் தங்களுக்குள் எழுதும்போது சாப்பாடு, சார்ஜென்ட், தடுப்பூசி, நடை அணிவகுப்பு என்று வீட்டாருக்குச் சொல்லாததையெல்லாம் கொட்டுவார்கள். இவர் எழுதிய பதில்கள் கிடைக்காத நிலையில், இவருடைய அன்றாடத்துக்கு மிக அருகில் இருப்பவை அவைதான்.

இன்னொன்று. முகவரி அடிக்கப்பட்டு, வேறு கையெழுத்தில் புது முகவரி எழுதப்பட்ட உறைகளைத் தேடுங்கள். வீரர் இடம் மாறியபின் பழைய முகாமுக்கு வந்த கடிதத்தை அங்குள்ள அஞ்சல் பிரிவு அவருடைய புது முகவரி குறித்த அட்டையைப் பார்த்து அங்கே மாற்றி அனுப்பியதன் அடையாளம் அது. இங்கேதான் பலர் வழுக்குவார்கள். உறையில் அம்மா எழுதிய முகவரி மகன் இருந்த இடம் அல்ல. மகன் இருப்பதாக அம்மா அன்று நினைத்த இடம். இட மாற்றத் தேதிக்கு இரண்டு எல்லை போடுங்கள். பழைய முகவரிக்கே வந்து, மாற்றி அனுப்பப்படாத கடைசிக் கடிதம் ஒன்று. புது முகவரி நேரடியாக எழுதப்பட்ட முதல் கடிதம் மற்றொன்று. மாற்றம் இந்த இரண்டுக்கும் நடுவில், பெரும்பாலும் முன்னதற்கு அருகில் நடந்திருக்கும்.

படைப்பதிவு:

முகவரிகளைப் பற்றி நான் சொல்கிறேன். மீனா கொடுத்த வரிசை குழப்பமாகத் தெரிந்தாலும், அந்த ஆண்டுகளை அறிந்தவருக்கு அது தெளிவான பாதை.

கேம்ப் வோல்டர்ஸ், டெக்சஸின் மினரல் வெல்ஸ் அருகில் இருந்த காலாட்படை மாற்றுவீரர் (பிரிவுகளில் குறையும் ஆட்களுக்குப் பதிலாகப் போகிறவர்) பயிற்சி மையம். அடிப்படைப் பயிற்சி 13 வாரமாக இருந்தது, 1943 நடுவில் 17 வாரமாக நீண்டது. இவர் 1943 தொடக்கத்தில் போனவர் என்பதால் 13 வாரக் கணக்கு பொருந்தும். நடுவில் மருத்துவமனையில் படுத்திருந்தால் அடுத்த குழுவோடு சேர்த்துவிடுவார்கள், கணக்கு நீளும். அம்மா கடிதங்களில் "இப்போது காய்ச்சல் எப்படி" என்பதுபோல் வரி வருகிறதா பாருங்கள்.

கீஸ்லர் ஃபீல்டு வான்படையின் அடிப்படைப் பயிற்சித் தளம், பிலாக்சியில். காலாட்படையில் இருந்தவர் விமானி ஆக மனுப் போட்டு, தேர்வாகி, அங்கே மாற்றப்பட்டிருக்கிறார். அதன்பின் வரும் கல்லூரி முகவரியில் "காலேஜ் டிரெய்னிங் டிடாச்மென்ட்" என்று இருக்கும். விமானிப் பள்ளிகளில் இடம் கிடைக்கும்வரை ஆட்களைக் கல்லூரிகளில் அமர்த்திக் கணிதம், இயற்பியல் எல்லாம் சொல்லிக்கொடுத்த திட்டம் அது, 1943 தொடக்கத்தில் ஆரம்பித்து 1944 நடுவில் மூடப்பட்டது. அங்கே இருந்தவர்கள் ஏவியேஷன் ஸ்டூடண்ட், அதாவது விமானப் பயிற்சி மாணவர். அதன் சுருக்கம்தான் ஏ/எஸ். கடற்படையில் அப்ரென்டிஸ் சீமன் (பயிற்சி மாலுமி) என்பதற்கும் இதே சுருக்கம்தான் என்பதால் கீழே உள்ள பிரிவின் பெயரைப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். அடுத்த கட்டத்துக்குப் போயிருந்தால் ஏ/சி, அதாவது ஏவியேஷன் கேடட், என்று மாறியிருக்கும். உங்கள் பெட்டியில் அது இல்லை.

ஏன் இல்லை என்பதற்குக் காரணம் உண்டு. 1944 வசந்தத்தில் விமானிகள் போதும் என்றும் காலாட்படைக்கு ஆள் போதவில்லை என்றும் ஆனது. தரைப்படையிலிருந்தும் சேவைப் பிரிவுகளிலிருந்தும் வான்படைக்கு வந்து, இன்னும் ப்ரீ-ஃப்ளைட் பள்ளியில் (விமானம் ஓட்டப் பழகுவதற்கு முந்திய வகுப்பு) சேராமல் இருந்தவர்களை ஆயிரக்கணக்கில் திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் பலர் போய்ச் சேர்ந்தது உள்நாட்டில் பயிற்சியில் இருந்த டிவிஷன்களுக்கு. மிசிசிப்பியின் கேம்ப் வான் டோர்னில் அப்போது இருந்தது 63-வது காலாட்படை டிவிஷன். அதனால் 1944 மார்ச், ஏப்ரல் கடிதங்களை மற்றவற்றைவிட நிதானமாகப் படியுங்கள். மகன் விமானி ஆகப்போகிறான் என்று ஊரெல்லாம் சொல்லியிருந்த குடும்பம், அவன் மறுபடியும் துப்பாக்கியோடு காலாட்படைக்குப் போகிறான் என்று தெரிந்ததும் என்ன எழுதியது, அதற்கு முன் காதலிக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். இந்தத் தொகுப்பின் முதுகெலும்பு அந்த ஆறேழு வாரம் என்பது என் கருத்து.

படை எண் கிடைத்தால் வேலை சுலபம். எட்டு இலக்கம். முதல் இலக்கம் 3 என்றால் கட்டாய ஆள்சேர்ப்பு, 1 என்றால் தானாக முன்வந்து சேர்ந்தவர். இரண்டாவது இலக்கம் சேர்ந்த வட்டாரம். ஓஹையோ, இண்டியானா, கென்டக்கி, மேற்கு வர்ஜீனியா நான்கும் 5. உங்கள் ஆளுக்கு 35-ல் தொடங்கும் எண் என்றால் எல்லாம் பொருந்துகிறது. அந்த எண்ணைத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத் தரவுத்தளத்தில் போட்டால் சேர்ந்த நாள், இடம், கல்வி, தொழில் கிடைக்கும். பழைய துளை அட்டைகளின் மைக்ரோஃபிலிமிலிருந்து எடுத்த தரவு, எழுத்துப்பிழைகள் ஏராளம். பெயரைப் போட்டுக் கிடைக்கவில்லை என்றால் எண்ணைப் போடுங்கள். எண்ணில் ஓர் இலக்கம் தப்பாகப் பதிவாகியிருந்தால் பிறந்த ஆண்டையும் கவுண்டியையும் (மாவட்டம் போன்ற பிரிவு) வைத்து வடிகட்டுங்கள்.

அவருடைய முழுப் பணிக்கோப்பைக் கேட்டு எழுதுவதற்கு முன் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள பணியாளர் ஆவண மையத்தில் 1973 ஜூலை 12-ல் பிடித்த தீயில், 1912 நவம்பர் முதல் 1960 தொடக்கம் வரை விடுவிக்கப்பட்ட தரைப்படையினரின் கோப்புகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு அழிந்துபோனது. அதனால்தான் இந்தக் கடித உறைகளுக்கு இவ்வளவு மதிப்பு. கோப்பு எரிந்துபோயிருந்தால், இவர் எந்த வாரம் எந்தக் கம்பெனியில் (படையின் ஒரு சிறு பிரிவு) இருந்தார் என்பதைச் சொல்ல இவைதான் இருக்கின்றன. உறையிலிருந்து கம்பெனிப் பெயரும் தேதியும் எடுத்தால், அதே கம்பெனியின் "மார்னிங் ரிப்போர்ட்" எனப்படும் தினசரி ஆளெண்ணிக்கை அறிக்கையில் அவர் வந்த நாளையும் போன நாளையும் தேடலாம். அவை பெயரை வைத்துத் தேடக்கூடியவை அல்ல, பிரிவும் மாதமும் தெரிந்தாக வேண்டும். கவுண்டி ரெக்கார்டர் (ஆவணப் பதிவு) அலுவலகத்திலும் கேட்டுப் பாருங்கள், ஊர் திரும்பிய வீரர் பலர் விடுவிப்புச் சான்றை அங்கே பதிந்து வைத்தார்கள்.

பதில்கள் இல்லையே என்று கேட்டிருந்தீர்கள். பயிற்சிக் காலத்தில் வந்த கடிதங்களை வைக்கக் கட்டில் கால்மாட்டில் ஒரு பெட்டி இருந்தது. கப்பலேறும் முன் தூக்கிச் செல்ல முடியாததையெல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். போர்முனையில் வந்தவை மழையில் நனைந்தும், இடம் பெயரும்போது விடுபட்டும் போகும். எனவே உங்கள் பெட்டியில் உள்ள கடிதங்கள் எந்தத் தேதியோடு நிற்கின்றனவோ அப்போது அவர் கடல் கடக்கத் தயாரானார் என்று வைத்துக்கொண்டு தேடுங்கள். 1944-ல் பயிற்சியில் இருந்த டிவிஷன்களிலிருந்து ஆட்களைப் பிரித்து மாற்றுவீரர்களாக அனுப்பினார்கள். கடைசி உறைகளில் மேரிலாந்தின் ஃபோர்ட் மீட் இருந்தால் ஐரோப்பா பக்கம், கலிபோர்னியாவின் ஃபோர்ட் ஆர்ட் இருந்தால் பசிபிக் பக்கம் என்று பொதுவாகக் கொள்ளலாம். ஐந்து இலக்க ஏபிஓ (படை அஞ்சலகம்) எண் வந்தால் அது பயணத்தில் இருந்தவர்களுக்கான தற்காலிக எண், அதை நிரந்தரப் பிரிவாகப் பதியாதீர்கள். அவர் எழுதியவை அம்மா வீட்டில் இருந்திருக்கும். தங்கை வழிப் பிள்ளைகளிடம் விசாரியுங்கள்.

ரேஷன்_புத்தகம்:

உறை இல்லாத உதிரித்தாள்களுக்கு இரண்டு வழி.

ஒன்று கிழமை. தேதியும் கிழமையும் சேர்ந்து இருந்தால் ஆண்டு தானாக விழுந்துவிடும், ஏனென்றால் 1942 முதல் 1945 வரை ஒரே தேதி நான்கு ஆண்டிலும் நான்கு வேறு கிழமையில் வருகிறது. மார்ச் 12 வியாழன் என்றால் 1942, வெள்ளி 1943, ஞாயிறு 1944, திங்கள் 1945. ஜனவரிக் கடிதங்களில் மட்டும் எழுதியவர் போட்ட ஆண்டை நம்பாதீர்கள், பழைய ஆண்டையே எழுதும் கை பழக்கம் எல்லாருக்கும் உண்டு. ஈஸ்டருக்குப் புது உடை, ஈஸ்டர் ஆராதனை என்று வந்தால் 1943-ல் அது ஏப்ரல் 25, 1944-ல் ஏப்ரல் 9.

மற்றொன்று அடுப்படிப் பேச்சு. அம்மாக்கள் எழுதும் கடிதத்தில் ரேஷன் வராத பக்கம் அரிது. அதுவே நாட்காட்டி.

காபி ரேஷன் 1942 நவம்பர் 29-ல் தொடங்கி 1943 ஜூலை 28-ல் முடிந்தது. ஐந்து வாரத்துக்கு ஒரு பவுண்டு. "இனிமேல் காபிக்குக் கூப்பன் வேண்டாம்" என்ற வரி கிடைத்தால் அது 1943 ஜூலைக் கடைசி, ஆகஸ்ட் தொடக்கம். வெட்டிய ரொட்டி விற்கத் தடை 1943 ஜனவரி 18 முதல் மார்ச் 8 வரைதான் இருந்தது. ரொட்டியை வீட்டில் அறுப்பதைப் பற்றிப் புலம்பல் இருந்தால் அந்த ஏழு வாரத்துக்குள் வைத்துவிடலாம். செருப்பு, ஷூ ரேஷன் 1943 பிப்ரவரி 9-ல் வந்தது, ஆண்டுக்கு மூன்று ஜோடி. டின் உணவுக்குப் புள்ளிக் கணக்கில் ரேஷன் 1943 மார்ச் 1, இறைச்சி, வெண்ணெய், பாலாடைக்கட்டிக்கு மார்ச் 29. சிவப்பு, நீல ரேஷன் வில்லைகளைச் சில்லறையாகத் தருகிறார்கள் என்று எழுதியிருந்தால் அது 1944 பிப்ரவரி 27-க்குப் பிந்தியது. சம்பளத்திலேயே வருமான வரி பிடிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்றால் 1943 ஜூலை. தங்கை பள்ளியில் போர்ப் பத்திரம் விற்றதாகச் சொன்னால் அது எத்தனையாவது போர்க்கடன் இயக்கம் (அரசு மக்களிடம் பத்திரம் விற்றுப் பணம் திரட்டியது) என்று பாருங்கள்: மூன்றாவது 1943 செப்டம்பர், நான்காவது 1944 ஜனவரி 18 முதல் பிப்ரவரி 15, ஐந்தாவது 1944 ஜூன் 12 முதல் ஜூலை 8.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. சர்க்கரை தட்டுப்பாடு, பெட்ரோல் இல்லை என்ற பொதுப்புலம்பல் எதற்கும் உதவாது, போர் முழுக்க அதுதான் பாட்டு. தொடங்கியது, முடிந்தது, மாறியது என்று சொல்லும் வரிகள்தான் கணக்கில் வரும். அப்படி ஒரு வரி கிடைத்தாலும் "இதற்கு முன் இல்லை" என்ற எல்லையை மட்டும் முதலில் எழுதுங்கள். மேல் எல்லைக்கு வேறொரு வரி தேவை.

பதில்கள் இல்லாததற்கும் இதே தாள்கள் கைகொடுக்கும். அட்டவணையில் "அவர் சொன்னதாக" என்று ஒரு பத்தி போடுங்கள். "நீ கேட்ட சாக்ஸ் அனுப்பிவிட்டேன்", "ஊசி போட்ட கை வீங்கியிருக்கிறது என்றாயே", "உன் வியாழக்கிழமைக் கடிதம் இன்று வந்தது" போன்ற ஒவ்வொரு வரியையும் அதில் சேருங்கள். அம்மாவிடம் சொன்னது ஒரு பத்தியில், காதலியிடம் சொன்னது பக்கத்துப் பத்தியில் என்று வைத்தால், அவர் யாரிடம் எதை மறைத்தார் என்பதும் தெரியும். கடைசி வகை வரிக்கு இன்னொரு பயனும் உண்டு: வியாழக்கிழமை எழுதியது திங்கட்கிழமை வந்தது என்றால் அந்த முகாமுக்கும் வீட்டுக்கும் நடுவே தபால் நான்கு நாள். அதை வைத்து மற்ற உதிரித்தாள்களையும் பொருத்தலாம்.

தாள்காப்பு:

தாளைத் தொடும் வேலையைப் பற்றி.

கையைச் சோப்பால் கழுவி ஈரம் போகத் துடைத்துவிட்டு வெறுங்கையால் எடுங்கள். பருத்திக் கையுறை மெல்லிய தாளின் ஓரத்தைக் கிழிக்கும். மேசையில் பேனா, தண்ணீர், காபி கூடாது. பென்சில் மட்டும்.

துருப்பிடித்த ஜெம் கிளிப்பை இழுத்து உருவாதீர்கள், துரு தாளோடு ஒட்டியிருக்கும், உருவினால் ஒரு கீற்று தாளும் சேர்ந்து வரும். கிளிப்புக்கும் தாளுக்கும் நடுவில் இருபுறமும் மெல்லிய பாலியெஸ்டர் துண்டைச் செருகி, தாளைத் தட்டையாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, கிளிப்பின் நீண்ட வளையத்தை மேலே தூக்கி வளைத்தால் பிடி விட்டுவிடும். ரப்பர் பேண்ட் காய்ந்து மொறுமொறுப்பாக இருந்தால் மழுங்கிய தகட்டால் மெல்ல நெம்பி எடுக்கலாம். பிசுபிசுப்பாக உருகியிருந்தால் விட்டுவிட்டு அந்தக் கட்டைத் தனியாக வையுங்கள். மஞ்சளான செல்லோ டேப்பை எந்த நிலையிலும் உரிக்காதீர்கள், அது கரைப்பான் வைத்து வேலை செய்யத் தெரிந்தவருக்கான வேலை.

மடிப்பு விரிய மறுத்தால் இஸ்திரி போடுவதோ ஆவி காட்டுவதோ கூடாது. அன்றைய பேனா மையில் கழுவினால் போகும் நீலம் அதிகம், கொஞ்சம் ஈரம் பட்டாலே பரவும். சாம்பல் நிறமாகத் தெரிந்து ஓரிடத்தில் மட்டும் ஊதாவாகக் கசிந்திருந்தால் அது நகலெடுக்கும் பென்சில், ஈரத்தில் முழுப்பக்கமும் ஊதாவாகிவிடும். விரித்த தாளை இரண்டு ஒற்றுத்தாள்களுக்கு நடுவில் வைத்து, மேலே ஒரு கண்ணாடித் தகடு அளவு பாரம் போட்டு ஒருநாள் விட்டால் பெரும்பாலும் படிந்துவிடும்.

செய்தித்தாள் துணுக்குகள் அமிலம் கக்கும். பக்கத்தில் உள்ள கடிதத்தில் அதே அளவில் பழுப்புக் கட்டம் விழுந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். துணுக்கைத் தனி உறையில் எடுத்து வைத்து, இருந்த இடத்தில் ஒரு சீட்டு வையுங்கள். உலர்ந்த பூ, தலைமுடி, உதட்டுச்சாயம் பட்ட தாள் எதையும் துடைக்காதீர்கள், அமிலமற்ற தாளில் மடித்து அதே கடிதத்தோடு வையுங்கள். கடிதங்களை அமிலமற்ற, லிக்னின் (தாளைப் பழுப்பாக்கும் மரப்பொருள்) இல்லாத கோப்புறையில் நிற்க வைக்கலாம். பிளாஸ்டிக் உறை வாங்கினால் பாலியெஸ்டர் என்று உறுதி செய்யுங்கள், பிவிசி வேண்டாம். அறை 21 டிகிரி செல்சியஸுக்குக் கீழே, ஈரப்பதம் 35 முதல் 50 விழுக்காடு. பரணும் நிலவறையும் இரண்டும் ஆகாது.

ஸ்கேன்: தட்டைக் கண்ணாடி ஸ்கேனர் மட்டும், தாளைத் தானாக இழுக்கும் வகை கூடவே கூடாது. 400 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 400 புள்ளி), 24 பிட் வண்ணம், சுருக்காத டிஃப் (TIFF) கோப்பு. கறுப்பு வெள்ளையில் எடுத்தால் பென்சிலும் மையும் ஒன்றாகத் தெரியும், பின்னால் யாரோ சேர்த்த குறிப்பு எது என்று பிரிக்க முடியாது. முழு லெட்டர் அளவுப் பக்கம் சுமார் 45 மெகாபைட் வரும், வட்டு இடத்தை முன்கூட்டியே கணக்கிடுங்கள். உறையின் முன்பக்கம், பின்பக்கம், உறை மூடியின் உட்புறம், வெற்றுப் பக்கம் எல்லாவற்றையும் எடுங்கள். கோப்புப் பெயர் ஆண்டு-மாதம்-நாள், கடித எண், பக்க எண் என்ற வரிசையில். தேதி உறுதியில்லை என்றால் பெயரில் ஆண்டு மாதத்தோடு நிறுத்திக்கொண்டு, அட்டவணையில் தேதி எங்கிருந்து வந்தது என்று குறியுங்கள்: எழுதியவர் போட்டதா, முத்திரையா, கணிப்பா. இந்தப் பத்தியை விட்டுவிட்டால் ஓராண்டு கழித்துக் கணிப்பும் உண்மையும் ஒரே தோற்றத்தில் நிற்கும்.

மீனா_ஓஹையோ:

அக்கா, இது எல்லாவற்றையும் அச்செடுத்து மேசையில் ஒட்டிவிட்டேன். இரண்டு சந்தேகம். காதலி எழுதியவை ஒரே தாளை நடுவில் மடித்து நான்கு பக்கமாக்கியவை. முதல் பக்கத்தைப் படித்து உள்ளே போனால் வாக்கியம் தொடரவில்லை. அடுத்து, கைக்கடக்கமாகப் புகைப்படத்தாள் போல ஒன்று இருக்கிறது, எழுத்து மிகச் சிறியது. கடைசியாக, இவற்றை எங்கள் இணையதளத்தில் போடலாமா?

தாள்காப்பு:

மடித்த தாளில் பக்க வரிசைக்கு ஒரே விதி இல்லை. மை காயாமல் திருப்பினால் ஒட்டிக்கொள்ளும் என்பதால் பலர் வெளிப்பக்கம், உள் வலப்பக்கம், பிறகு மற்றவை என்று தாவி எழுதினார்கள். சிலர் உள் இரண்டையும் குறுக்காகத் திருப்பி ஒரே நீளப் பக்கமாக எழுதினார்கள். ஒரு பக்கத்தின் கடைசிச் சொல்லையும் மற்ற மூன்றின் முதல் சொல்லையும் ஒட்டிப் பாருங்கள். ஒரே ஆள் பெரும்பாலும் ஒரே முறையைத்தான் கையாளுவார், மூன்று கடிதத்தில் பிடிபட்டால் மற்றவை ஓடிவரும். ஸ்கேனில் தாள் இருக்கும் வரிசையிலேயே எடுங்கள், படிக்கும் வரிசையை அட்டவணையில் எழுதுங்கள்.

சின்னப் புகைப்படத்தாள் 4¼ க்கு 5¼ அங்குலம் போல இருந்தால் அது வி-மெயில். கடல் கடந்த வீரர்களுக்கும் வீட்டாருக்கும் நடுவே 1942 ஜூன் முதல் ஓடிய முறை. தாளைப் படச்சுருளில் படமெடுத்து, சுருளை அனுப்பி, மறுமுனையில் அச்சிட்டுத் தருவார்கள். உங்கள் ஆள் உள்நாட்டில் இருந்ததால் அது ஏற்கெனவே வெளிநாடு போய்விட்ட தோழர் எழுதியதாக இருக்க வேண்டும். தலைப்பில் தேதி, அனுப்புநரின் ஏபிஓ எண், ஓரத்தில் தணிக்கை அதிகாரியின் முத்திரை மூன்றும் இருக்கும். உறை முத்திரையின் தேதி அச்சிட்ட பிறகு விழுந்தது, அதை எழுதிய தேதியாகப் பதியாதீர்கள். இதை 600 டிபிஐ-ல் எடுங்கள். புகைப்படத்தாள் என்பதால் செய்தித்தாள் துணுக்கோடு சேர்த்து வைக்கவே கூடாது.

உரிமைக்குறிப்பு:

இணையத்தில் போடுவது பற்றி. பெட்டியைக் கொடுத்தவருக்குத் தாள்தான் சொந்தம். எழுத்தின் பதிப்புரிமை எழுதியவருடையது, அவருக்குப்பின் அவருடைய வாரிசுகளுடையது. பெறுநருடைய குடும்பம் கையெழுத்திட்டுக் கொடுத்தாலும் காதலியின் கடிதத்துக்கு அந்தக் கையெழுத்து செல்லாது. அம்மா, தங்கை கடிதங்களுக்கு அதே குடும்பமே வாரிசாக இருக்கக்கூடும், அதனால் அங்கிருந்து தொடங்குங்கள்.

அமெரிக்கச் சட்டப்படி, வெளியிடப்படாத கடிதத்துக்கு எழுதியவர் இறந்த ஆண்டிலிருந்து 70 ஆண்டு முடியும்வரை காப்பு. 1990-ல் இறந்தவர் என்றால் 2060 கடைசிவரை. இறந்த ஆண்டே தெரியாது என்றால் எழுதிய ஆண்டிலிருந்து 120 ஆண்டு. 1943 கடிதத்துக்கு 2063 கடைசி. வெளிநாடு போன தோழர் போரிலேயே 1944-ல் இறந்திருந்தால் அவருடைய கடிதங்கள் 2015 முதல் பொதுவுடைமை. இதற்காக அட்டவணையில் எழுதியவர் ஒவ்வொருவருக்கும் இறந்த ஆண்டு என்று ஒரு பத்தி சேருங்கள். "ஃப்ரீ" உறைத் தோழர்களுக்குப் படை எண் உறையிலேயே இருக்கலாம், தேட வசதி.

படை எண்ணை மறைக்க வேண்டியதில்லை, அது சமூகப் பாதுகாப்பு எண் அல்ல. தரைப்படை சமூகப் பாதுகாப்பு எண்ணைப் பயன்படுத்தத் தொடங்கியது 1969-ல். ஆனால் பெட்டியில் பிற்கால ஓய்வூதியத் தாள், மருத்துவமனைத் தாள் ஏதாவது கலந்திருந்தால் அதில் இருக்கும், ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

காதலி வேறொருவரை மணந்திருந்தால் அவருடைய பிள்ளைகளைத் தேடிப் பிடித்து முதலில் அவர்களுக்குப் படி ஒன்று அனுப்புங்கள். அவர்களுடைய பதில் வரும்வரை அந்தக் கட்டை இணையத்தில் ஏற்றாமல், சங்கத்துக்கு நேரில் வந்து படிப்பவர்களுக்கு மட்டும் திறந்து வைக்கலாம். மற்றவற்றை ஏற்றும்போது ஒவ்வொரு படத்தின் கீழும் எழுதியவர் பெயர், உரிமையாளர் தெரிந்தவரா தெரியாதவரா என்ற குறிப்பு, எதிர்ப்பு இருந்தால் எழுத வேண்டிய சங்கத்தின் முகவரி மூன்றையும் போட்டுவிடுங்கள்.